தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா மிதப்பதில்லை

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. தசை செல்லின் ஆற்றல் உற்பத்தியில் மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சைட்டோஸ்கெலிட்டன் எனும் செல் சட்டகத்துக்கும் என்ன உறவு என்பது ஒன்று. தசையிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் அளந்தால் ஓர் எண், அதே தசையின் இழையில் அளந்தால் வேறோர் எண் வருவது ஏன் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடை கிடைத்தால் முதலாவது பாதி விளங்கிவிடும். எனவே எண்ணிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் ஒரு சொல் சிக்கல். ஆற்றல் நாணயமான அடினோசின் ட்ரைபாஸ்பேட், அது செலவானபின் மிஞ்சும் அடினோசின் டைபாஸ்பேட் ஆகிய இரண்டையும் எழுத்துச் சுருக்கமாகத் தமிழில் எழுதினால் இரண்டுமே ‘ஏ.டி.பி.’ ஆகிவிடும். ஆகவே முன்னதை முப்பாஸ்பேட் என்றும் பின்னதை இருபாஸ்பேட் என்றும் சொல்கிறேன். மைட்டோகாண்ட்ரியா இருபாஸ்பேட்டை வாங்கி முப்பாஸ்பேட்டாகத் திருப்பித் தருகிறது. அதற்கு ஆக்சிஜன் செலவாகிறது. ஆக்சிஜன் குறையும் வேகத்தை அளந்தால் வேலையின் வேகம் தெரிந்துவிடும்.

இருபாஸ்பேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, உச்ச வேகத்தில் பாதியை எட்ட எவ்வளவு தேவைப்படுகிறது என்று பாருங்கள். அந்தச் செறிவுக்குத்தான் மைக்கேலிஸ் மாறிலி, சுருக்கமாக கே.எம்., என்று பெயர். எலியின் இதயத்திலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் இது 10 முதல் 20 மைக்ரோமோலார் வரை வரும். அதே இதயத்தின் தசையிழையை எடுத்து, செல்லின் வெளிச்சவ்வில் மட்டும் துளையிட்டு, மைட்டோகாண்ட்ரியாவை இருந்த இடத்திலேயே வைத்து அளந்தால் 300 மைக்ரோமோலார் அளவில் வரும். அதே விலங்கு, அதே நொதிகள், அதே வெப்பநிலை. வித்தியாசம் மட்டும் 15, 20 மடங்கு. சப்போனின் கொண்டு துளையிடும் இந்த முறையை 1987-இல் வெக்ஸ்லர், குஸ்நெட்சோவ், வால்டுர் சாக்ஸ் முதலியோர் வெளியிட்டார்கள். பிறகு சாக்ஸ் தாலினிலும் கிரெனோபிளிலும் பல ஆண்டுகள் இந்த இடைவெளிக்குக் காரணம் தேடினார். இத்துறையில் நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அந்தத் தேடலில் கிடைத்ததுதான்.

பிரித்தெடுக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்தால் துப்பு கிடைக்கும். இதயத் தசை கடினமானது. அதை அரைத்து மைட்டோகாண்ட்ரியாவை வெளியே எடுக்க ட்ரிப்சின் அல்லது நாகார்ஸ் போன்ற புரதம் செரிக்கும் நொதியைச் சேர்ப்பது வழக்கம். அந்த நொதி மைட்டோகாண்ட்ரியாவைப் பிடித்திருந்த கயிறுகளை வெட்டிவிடுகிறது. கிடைப்பது நல்ல, வேலை செய்கிற மைட்டோகாண்ட்ரியாதான். ஆனால் அது தன் இடத்தில் இல்லை.

கயிறுதான் காரணமா என்று நேரடியாகவே சோதிக்கலாம். துளையிட்ட இழையில் மிகக் குறைந்த அளவு ட்ரிப்சினைச் சில நிமிடங்கள் விட்டால் கே.எம். சரசரவென்று இறங்குகிறது. அதே இழையில் அடர்ந்த உப்புக் கரைசல் கொண்டு தசையைச் சுருக்கும் புரதமான மயோசினை மட்டும் கழுவி எடுத்துவிட்டு அளந்தால் அது இறங்குவதில்லை. அப்படியானால் வழியை அடைத்து நிற்பது மயோசின் இழைகளின் நெரிசல் அல்ல, ட்ரிப்சினால் வெட்டுப்படும் வேறு ஏதோ புரதம். இவ்வளவு எளிய இரண்டு சோதனைகள் இவ்வளவு தெளிவான விடை தருவது அபூர்வம்.

இப்போது இடத்தைப் பார்ப்போம். பள்ளிப் புத்தகப் படத்தில் செல் ஒரு தண்ணீர்ப் பை. அதில் மைட்டோகாண்ட்ரியா அவரை விதைகளைப் போல அங்குமிங்கும் கிடக்கும். முதிர்ந்த இதயத் தசை செல்லுக்கு அந்தப் படம் பொருந்தவே பொருந்தாது. அங்கே செல்லின் கன அளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான். சுருங்கும் நுண்ணிழைகளுக்கு இடையே, நாற்று நட்ட வரிசை போல, சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒவ்வொரு சார்கோமியருக்கும் (சுருங்கும் அலகுக்கும்) ஒன்று என்ற கணக்கில் நிற்கும். எலும்புத் தசையில் ஒழுங்கு சற்று வேறு: சார்கோமியரின் எல்லையான இசட் கோட்டின் இரு பக்கமும், அதை அடுத்துள்ள ஐ பட்டையை ஒட்டிச் சுற்றிப் படுத்திருக்கும், செல்லின் விளிம்பில், இரத்த நுண்குழாய்களை ஒட்டித் தனியாக ஒரு கூட்டம் இருக்கும். ஆய்வகத் தட்டில் வளரும் செல்களில் மைட்டோகாண்ட்ரியா ஊர்வதையும் பிளவதையும் இணைவதையும் நிமிடக் கணக்கில் பார்க்கலாம். முதிர்ந்த இதய செல்லில் அவை இருந்த இடத்தில் லேசாக அசைவதோடு சரி.

இதயம் ஒரு நிமிடத்துக்கு 70 முறை சுருங்கி விரிகிறது. ஒவ்வொரு முறையும் இந்த மைட்டோகாண்ட்ரியா நசுங்கி நீள்கிறது. அப்படியும் வரிசை கலையாமல் இருப்பதற்குக் கட்டுகள் வேண்டும். அவற்றில் முதன்மையானது டெஸ்மின். இடைநிலை இழை வகையைச் சேர்ந்த இது, பக்கத்துப் பக்கத்து இசட் கோடுகளைக் குறுக்கே இணைத்து, செல்லின் வெளிச்சவ்வு, கரு, மைட்டோகாண்ட்ரியா வரை வலையாகப் பரவியிருக்கிறது. டெஸ்மினை மைட்டோகாண்ட்ரியாவோடு முடிச்சுப் போடுவது பிளெக்டின் என்ற பெரிய புரதம். பிளெக்டினில் பல வடிவங்கள் உண்டு. இசட் கோட்டுக்கு ஒன்று, செல்லின் வெளிச்சவ்வுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் நேரடியாகப் பதிவது 1பி என்ற வடிவம். இவை தவிர ட்யூபுலினால் ஆன நுண்குழல்கள் மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டியே ஓடுகின்றன. இன்னொரு பக்கம் மைட்டோஃப்யூசின் 2 போன்ற புரதங்கள் மைட்டோகாண்ட்ரியாவைக் கால்சியம் கிடங்கான சார்கோபிளாச வலையோடு பிணைக்கின்றன. சுருங்கச் சொல்லி அனுப்பும் கால்சியம் அப்போதே பக்கத்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் நுழைந்து, பைருவேட் டிஹைட்ரஜனேஸ் போன்ற நொதிகளை முடுக்கிவிடுகிறது.

டெஸ்மின் இல்லாமல் போனால் என்ன ஆகும்? 1996-இல் டெஸ்மின் மரபணு நீக்கிய எலிகள் உருவாக்கப்பட்டன. 2000-இல் மில்னர், கபெட்டனாகி குழுவினர் அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவை ஆராய்ந்து வெளியிட்ட முடிவுகள்தான் இந்தக் கேள்விக்கு ஆகச் சிறந்த விடை என்பது என் கருத்து. மெதுவாகச் சுருங்கும் மெதுதசைகளில் மைட்டோகாண்ட்ரியா வரிசை கலைந்து, செல்லின் விளிம்புக்கு ஒதுங்கி, கொத்துக் கொத்தாகக் குவிந்திருந்தன. இதயத்தில் அவை பெருகி, வீங்கி, உள்ளே சிதைந்திருந்தன. வேலைச்சுமை கூடியபோது நிலைமை இன்னும் மோசம். மற்ற எந்தக் கட்டமைப்புக் குறையும் கண்ணில் படுவதற்கு முன்பே மைட்டோகாண்ட்ரியாவில் கோளாறு தொடங்கியிருந்தது. இனி முக்கியமான பகுதி. அந்த இதயத்திலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்து அளந்தபோது, அவற்றின் உச்ச வேகம் சாதாரண எலியின் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சமமாகவே இருந்தது. இழையில், இடத்திலேயே வைத்து அளந்தபோதோ இதயத்திலும் மெதுதசையான சோலியஸிலும் உச்ச வேகமும் குறைந்திருந்தது, கே.எம். மதிப்பும் குறைந்திருந்தது. வேகத்தசையான கேஸ்ட்ரோக்னீமியஸில் எந்த மாற்றமும் இல்லை. இயந்திரத்தில் பழுது இல்லை. அதன் இருப்பிடத்தில்தான் பழுது. பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் அளந்திருந்தால் அந்த எலிகளின் இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

கே.எம். குறைவது நல்லதுதானே, குறைந்த இருபாஸ்பேட்டிலேயே வேலை தொடங்கிவிடுமே என்று தோன்றலாம். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் இதயத்தில் கட்டற்ற இருபாஸ்பேட்டின் செறிவு சில பத்து மைக்ரோமோலார்தான். கே.எம். 15 என்றால் ஓய்விலேயே மைட்டோகாண்ட்ரியா உச்சத்துக்கு அருகில் ஓடிக்கொண்டிருக்கும். வேலை கூடும்போது மேலும் கூட்ட இடம் இருக்காது. 300 என்றால் ஓய்வில் தாழ்ந்தும், தேவையின்போது உயர்ந்தும் ஓடலாம். அதாவது கட்டிப்போட்டிருப்பதால்தான் கட்டுப்படுத்த முடிகிறது.

இதயத்துக்கு அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு அவசியம் என்பதற்கு ஒரு கணக்கு. மனித இதயம் ஒரு நாளில் சுமார் 6 கிலோ முப்பாஸ்பேட்டை உருவாக்கிச் செலவழிக்கிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கையிருப்போ ஒரு சில துடிப்புகளுக்குத்தான் காணும். உற்பத்தி நின்றால் பத்து விநாடி அளவில் தீர்ந்துவிடும். அப்படியிருந்தும் 1986-இல் பாலபனும் உடன் ஆய்வாளர்களும் நாயின் இதயத்தைப் பாஸ்பரஸ் காந்த ஒத்ததிர்வு முறையில் கவனித்தபோது, இதயத்தின் வேலை பலமடங்கு கூடியும் முப்பாஸ்பேட்டும் பாஸ்பேட்டைச் சுமக்கும் கிரியேட்டினான பாஸ்போகிரியேட்டினும் ஏறக்குறைய அசையாமல் நின்றன. செலவு கூடுவது மைட்டோகாண்ட்ரியாவுக்கு எப்படித் தெரிகிறது? ஒரு பகுதி விடை கால்சியம். இன்னொரு பகுதி கிரியேட்டின் கைனேஸ் எனும் நொதி.

மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கும் இடையில் எட்டு அலகுகள் சேர்ந்த ஒரு கிரியேட்டின் கைனேஸ் உட்கார்ந்திருக்கிறது. உட்சவ்வில் இருபாஸ்பேட்டை உள்ளே வாங்கி முப்பாஸ்பேட்டை வெளியே விடும் மாற்றுக்கடத்தி முப்பாஸ்பேட்டை வெளியே தள்ளியதும், இது அதை அங்கேயே வாங்கி, அதன் பாஸ்பேட்டைக் கிரியேட்டினுக்கு மாற்றிவிட்டு, மிஞ்சிய இருபாஸ்பேட்டை அதே கடத்தியின் கையில் திருப்பிக் கொடுக்கிறது. வெளியே போவது பாஸ்போகிரியேட்டின். மறுமுனையில், சார்கோமியரின் எம் கோட்டிலும் கால்சியம் பம்புகளின் அருகிலும் இருக்கும் வேறொரு கிரியேட்டின் கைனேஸ் அதை மறுபடி முப்பாஸ்பேட்டாக்குகிறது. திரும்பி வருவது கிரியேட்டின். இந்தச் சுற்றுவழி ஏன்? பரவல் என்பது செறிவு வேறுபாட்டைப் பொறுத்தது. இருபாஸ்பேட் மைக்ரோமோலாரில் இருக்கிறது. கிரியேட்டின் மில்லிமோலாரில் இருக்கிறது. ஒன்று 50 மைக்ரோமோலார், மற்றொன்று 10 மில்லிமோலார் என்று வைத்துக்கொண்டால் 200 மடங்கு வேறுபாடு. அதே தூரத்தில் கிரியேட்டின் எத்தனையோ மடங்கு அதிகச் செய்தியைச் சுமந்து வர முடியும்.

இழையில் அளக்கும்போதும் இது தெரியும். கரைசலில் 20 மில்லிமோலார் கிரியேட்டின் சேர்த்தால், இதய இழையின் கே.எம். 300-லிருந்து 100-க்குக் கீழே இறங்கும். வெளியிலிருந்து நுழையும் ஒரே இருபாஸ்பேட் உள்ளேயே பலமுறை சுழல்வதால் கொஞ்சமே போதுமானதாகிவிடுகிறது. டெஸ்மின் இல்லாத எலியின் சோலியஸ் தசையில் இந்தக் கிரியேட்டின் விளைவு காணாமல் போனது. அதே எலியின் இதயத்தில் போகவில்லை. எல்லாத் தசைக்கும் ஒரே விதி எழுத முடியாது என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

சரி, மைட்டோகாண்ட்ரியாவின் வாசலில் இருபாஸ்பேட்டைத் தடுப்பது யார்? மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் வி.டி.ஏ.சி. என்ற பீப்பாய் வடிவப் புரதம் வாயிலாக இருக்கிறது. முப்பாஸ்பேட்டும் இருபாஸ்பேட்டும் அதன் வழியாகத்தான் போய்வர வேண்டும். 2008-இல் ரோஸ்டோவ்ட்சேவா, பெஸ்ருகோவ் முதலியோர், சாக்ஸ் குழுவும் சேர்ந்து, செயற்கைக் கொழுப்புச் சவ்வில் ஒற்றை வாயிலைப் பதித்து அதன் மின்னோட்டத்தை அளந்தார்கள். நானோமோலார் அளவில் ட்யூபுலினைச் சேர்த்ததும் மின்னோட்டம் விட்டுவிட்டு அறுபட்டது. ட்யூபுலின் இரட்டையின் முனையில் எதிர்மின்னூட்டம் கொண்ட ஒரு வால் தொங்குகிறது. அது வாயிலுக்குள் நுழைந்து வழியை அடைக்கிறது. வாலை நொதியால் வெட்டிய ட்யூபுலின் அடைப்பதில்லை. சிறிய அயனிகள் அப்போதும் போகும். பெரிய முப்பாஸ்பேட் போகாது. அடுத்த சோதனையில், பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவோடு 1 மைக்ரோமோலார் ட்யூபுலினைச் சேர்த்தபோது கே.எம். சுமார் 10-லிருந்து 300-க்கு மேல் ஏறியது. இழந்த எண் திரும்பக் கிடைத்தது.

இதோடு கதை முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது அவசரம். இதய செல்லில் பீட்டா-2 வகை ட்யூபுலின் மைட்டோகாண்ட்ரியாவை ஒட்டியே காணப்படுகிறது, அந்த ட்யூபுலினும் மைட்டோகாண்ட்ரிய கிரியேட்டின் கைனேஸும் இல்லாத எச்எல்-1 எனும் இதயப் புற்று செல்வழியில் கே.எம். தாழ்ந்திருக்கிறது என்பவை இதற்கு ஆதரவான சான்றுகள். ஆனால் எலும்புத் தசைகளை ஒப்பிட்டபோது, பீட்டா-2 ட்யூபுலினின் அளவுக்கும் கே.எம். மதிப்புக்கும் நேர்த்தொடர்பு கிடைக்கவில்லை. வெளிச்சவ்வின் வாயில் மட்டுமல்ல, சார்கோபிளாச வலையின் மடிப்புகளும் நெருக்கமாக அடுக்கிய நுண்ணிழைகளும் சேர்ந்து உருவாக்கும் பரவல் தடையும் பங்களிக்கிறது என்று தாலினிலேயே இன்னொரு குழு வாதிடுகிறது. என் தீர்ப்பு இதுதான்: வாயில் ஓரளவு சாத்தப்பட்டிருக்கிறது என்பது உறுதி, சாத்துவது ட்யூபுலின் மட்டுமே என்பது உறுதியல்ல.

வாயில் சாத்தப்பட்டிருக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்ல முடிகிறது? அதற்கு ஓர் அழகான பொறி வைப்பார்கள். இழை இருக்கும் கரைசலில் முப்பாஸ்பேட்டும் கிரியேட்டினும் சேர்த்து, மைட்டோகாண்ட்ரியாவின் கிரியேட்டின் கைனேஸை ஓடவிடுவார்கள். அது இருபாஸ்பேட்டை உண்டாக்க, ஆக்சிஜன் செலவு ஏறும். பிறகு பைருவேட் கைனேஸ் நொதியையும் 5 மில்லிமோலார் பாஸ்போஈனால்பைருவேட்டையும் சேர்ப்பார்கள். வெளியே தலைகாட்டும் இருபாஸ்பேட்டை எல்லாம் அந்த நொதி உடனே பிடித்து முப்பாஸ்பேட்டாக்கிவிடும். பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் இதைச் செய்தால் சுவாசம், அதாவது ஆக்சிஜன் செலவு, சரிகிறது; இருபாஸ்பேட் வாயில் வழியே வெளியே கசிந்து பொறியில் சிக்குகிறது என்று பொருள். இதய இழையில் செய்தால் சுவாசம் பெரிதாகக் குறைவதில்லை. கிரியேட்டின் கைனேஸ் உண்டாக்கிய இருபாஸ்பேட் வெளியே வரவே இல்லை. இரு சவ்வுகளுக்கு நடுவிலேயே கைமாறிக்கொண்டிருக்கிறது. பைருவேட் கைனேஸ் பெரிய புரதம் என்பதால் உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நிற்கிறது.

வேகமாகச் சுருங்கும் வெள்ளைத் தசை வேறு உலகம். எலியின் வெள்ளைக் கேஸ்ட்ரோக்னீமியஸில், இழையில் வைத்து அளந்தாலும் கே.எம். இதயத்தைவிட மிகத் தாழ்வாக இருக்கும். கிரியேட்டினின் விளைவும் அற்பம். அவசரத்துக்கு ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைக்கும் கிளைகாலிசிஸை நம்பி வாழும் தசை அது. மனிதத் தொடைத் தசையிலும் பயிற்சிக்கேற்ப இது மாறுகிறது: உட்கார்ந்தே வேலை செய்பவரின் இழையில் கே.எம். குறைவு, கிரியேட்டினின் பாதிப்பு காணப்படுவதில்லை. நெடுந்தூர விளையாட்டு வீரரின் இழை இதயத் தசையைப் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. பயிற்சி மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையை மட்டுமல்ல, அதன் கட்டுப்பாட்டு முறையையும் மாற்றுகிறது.

இன்னொரு வகை இணைப்பையும் சொல்ல வேண்டும். 2015-இல் கிளான்சி, பாலபன் குழுவினர் எலியின் எலும்புத் தசையை முப்பரிமாண எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சீவிச் சீவிப் பார்த்து, மைட்டோகாண்ட்ரியா தனித்தனியாக இல்லாமல் ஒரே வலையாக இணைந்திருப்பதைக் காட்டினார்கள். விளிம்பில், இரத்தக் குழாய் அருகே ஆக்சிஜனைச் செலவழித்து உண்டாக்கும் சவ்வு மின்னழுத்தம் இந்த வலை வழியாகவே உட்பகுதிக்குக் கடத்தப்படுகிறது. முப்பாஸ்பேட் தேவைப்படும் இடத்திலேயே உருவாகிறது. பொருளைச் சுமந்து போவதைவிட மின்சாரத்தைக் கம்பியில் அனுப்புவது வேகமானது. வலையில் ஓரிடம் பழுதானால் அந்தப் பகுதி சட்டென்று துண்டிக்கப்படுகிறது என்பதையும் அதே குழு பிறகு காட்டியது. சட்டகம் தளர்ந்து மைட்டோகாண்ட்ரியா கொத்தாக ஒதுங்கினால் இந்தக் கம்பிப்பாதையும் குலையும் என்று எதிர்பார்க்கலாம்.

நோய்களில் இதெல்லாம் முகம் காட்டுகிறது. டெஸ்மின் மரபணுவில் பிழை வந்தால் டெஸ்மினோபதி: புரதம் தவறாக மடிந்து உருண்டைகளாகத் தேங்கும், கைகால் தசையும் இதயமும் தளரும், இதயத் துடிப்பின் கடத்தலில் தடை வரும். டெஸ்மினை மடிக்க உதவும் ஆல்ஃபா-பி கிரிஸ்டலினில் பிழை வந்தாலும் கிட்டத்தட்ட இதே விளைவு. பிளெக்டினில் பிழை வந்தால் தோலில் கொப்புளமும் தசைச் சிதைவும் சேர்ந்தே வரும். டெஸ்மின் இல்லாத எலிகளில் பிசிஎல்-2 என்ற மைட்டோகாண்ட்ரியப் பாதுகாப்புப் புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கியபோது இதயத்தின் நிலை தேறியது. சட்டகம் உடைந்தபடியே இருக்க, மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பாற்றியதாலேயே பலன் கிடைத்தது. நோயின் பாதை மைட்டோகாண்ட்ரியா வழியாகவே போகிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. டுஷேன் தசைச் சிதைவில் டிஸ்ட்ரோஃபின் எனும் சட்டகப் புரதம் இல்லாததால் நுண்குழல்களின் ஒழுங்கு குலைகிறது. செயலிழக்கும் இதயத்தில் நுண்குழல்களின் முனையிலிருந்து டைரோசின் நீங்கிய வடிவம் பெருகி, அவை டெஸ்மினில் பதிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுருள்வில் போல வளைந்து சுருக்கத்தை எதிர்க்கின்றன.

நுண்குழலைக் குலைக்கும் மருந்து நம் ஊர்ச் செடியில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்து கோல்சிசின் எடுக்கிறார்கள். திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பகுதிகளில் விதைக்காகவே அது பயிராகிறது. கௌட் எனும் யூரிக் அமில மூட்டுவலிக்குத் தரப்படும் இந்த மருந்து ட்யூபுலினைப் பிடித்துக்கொண்டு நுண்குழல் வளரவிடாமல் செய்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் அல்லது சைக்ளோஸ்போரின் சேர்த்து உண்பவர்களுக்கும் உடலில் அது தேங்கி, தோள், தொடைத் தசைகள் தளர்ந்து, இரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் ஏறும். தசை செல்லுக்குள் குமிழிகள் நிறையும். செல்லின் கழிவுப் பைகள் லைசோசோமைச் சென்றடைய நுண்குழல் தண்டவாளம் வேண்டும்; அது இல்லாததால் கழிவு தேங்குகிறது. பழுதான மைட்டோகாண்ட்ரியா அப்புறப்படுவதும் இதே வழியில்தான். கோல்சிசின் எடுப்பவர் புதிதாக மாடிப்படி ஏறச் சிரமப்பட்டால் வயதைக் குறை சொல்வதற்கு முன் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, இழையில் அளக்க நினைப்பவர்களுக்கு. தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

தசையை எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்த பாதுகாப்புக் கரைசலில் போடுங்கள். அதில் கால்சியம் 0.1 மைக்ரோமோலாருக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். முப்பாஸ்பேட் சுமார் 5.8 மில்லிமோலாரும் பாஸ்போகிரியேட்டின் 15 மில்லிமோலாரும் இருக்கும், அமிலக்காரத்தன்மை 7.1. இவை இல்லாவிட்டால் இழை விறைத்துவிடும். கூர்மையான இரண்டு இடுக்கிகளால் கொழுப்பை நீக்கி, இழைக்கற்றையை நீளவாக்கில் விலக்குங்கள். நன்றாக விலகிய கற்றை மெல்லிய வலை போல விரிந்து, சிவப்பு மங்கி, ஒளி ஊடுருவத் தொடங்கும். விலகாமல் அடர்ந்திருக்கும் இடங்களில் சப்போனின் நுழையாது. பிய்த்தெறிந்தால் மைட்டோகாண்ட்ரியா கிழியும். பிறகு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சப்போனினில், குளிரில், மெல்ல ஆட்டியபடி 20 முதல் 30 நிமிடம். சப்போனின் கொலஸ்ட்ரால் மிகுந்த சவ்வையே துளைக்கும். செல்லின் வெளிச்சவ்வில் அது அதிகம், மைட்டோகாண்ட்ரியாவில் குறைவு. அதனால்தான் இந்த முறை வேலை செய்கிறது. அளவோ நேரமோ கூடினால் மைட்டோகாண்ட்ரியாவும் துளைபடும்.

அடுத்து அளவீட்டுக் கரைசலில் 10 நிமிடம் கழுவுங்கள். கழுவுவதைச் சுருக்கினால் பாதுகாப்புக் கரைசலின் முப்பாஸ்பேட் ஒட்டிவந்து, இருபாஸ்பேட் சேர்க்காமலே சுவாசம் ஏறியிருக்கும், கே.எம். அந்த இடத்திலேயே பொய்யாகிவிடும். வடிகட்டித் தாளில் ஒற்றி எடைபோட்டு, 2 மில்லிலிட்டர் அறைக்கு 1 முதல் 3 மில்லிகிராம் ஈர எடை போதும். 37 டிகிரியில் ஆக்சிஜனை 250 மைக்ரோமோலாருக்குக் கீழே விடாதீர்கள். காற்றோடு சமநிலையில் இருக்கும் 190 அளவில், கற்றையின் நடுவுக்கு ஆக்சிஜன் எட்டாமல் போகலாம். மாலேட் 2, பைருவேட் 5, குளுட்டமேட் 10 மில்லிமோலார் சேர்த்து, சுவாசம் நிலைத்தபின் இருபாஸ்பேட்டை 25, 50, 100, 250, 500, 1000, 2000, 5000 மைக்ரோமோலார் என்று படிப்படியாக ஏற்றுங்கள். அந்தச் சேமிப்புக் கரைசலை முன்பே பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கி, மக்னீசியமும் சேர்த்திருக்க வேண்டும். கடைசியில் 10 மைக்ரோமோலார் சைட்டோகுரோம் சி. சுவாசம் 10, 15 சதவீதத்துக்கு மேல் துள்ளினால் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வு கிழிந்திருக்கிறது. அந்த இழையின் கே.எம். பயன்படாது, ஏனெனில் நாம் அளக்க வந்த வாயிலே உடைந்துவிட்டது. மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தைத் தடுக்கும் ஆன்டிமைசின் 2.5 மைக்ரோமோலார் சேர்த்து, மிஞ்சும் ஆக்சிஜன் செலவைக் கழித்துக்கொள்ளுங்கள். வரைபடம் ஒரே வளைவில் பொருந்தாமல் தாழ்ந்த கே.எம்., உயர்ந்த கே.எம். என்று இரண்டாகப் பிரிந்தால், பாதிக் கற்றையைப் பிய்க்கும்போது சேதப்படுத்தியிருக்கிறீர்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் ஆய்வகங்களுக்கு இடையே எலும்புத் தசையின் கே.எம். 20-லிருந்து 300 வரை சிதறிக்கிடந்தது. 2011-இல் பெர்ரி, நியூஃபர் குழுவினர் காரணம் கண்டார்கள்: அறைக்குள் இழை தானாகவே சுருங்கிக்கொள்கிறது. மயோசினைத் தடுக்கும் பிளெபிஸ்டாட்டின் சேர்த்து இழையைத் தளர்வாக வைத்தால் எலியின் சிவப்புத் தசையில் 250-க்கு மேலும், வெள்ளைத் தசையில் சுமார் 80-உம் வந்தது. சுருங்கவிட்டால் 2 முதல் 10 மடங்கு குறைந்தது. மனிதத் தசையில், தளர்ந்த நிலையில், ஓய்வில் இருப்பதுபோல பாஸ்போகிரியேட்டினும் கிரியேட்டினும் 2:1 விகிதத்தில் இருந்தபோது சுமார் 1560 மைக்ரோமோலார். இழையின் வடிவம் மாறினாலே கட்டுப்பாடு மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. 25 மைக்ரோமோலார் பிளெபிஸ்டாட்டின் போதும். நீல ஒளி பட்டால் அது சிதையும் என்பதால் குப்பியை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள். முடிவை எழுதும்போது கே.எம். எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்தத் தசை, எந்த வெப்பநிலை, ஆக்சிஜன் எவ்வளவு, கிரியேட்டின் இருந்ததா, பிளெபிஸ்டாட்டின் இருந்ததா, சைட்டோகுரோம் சோதனையில் எத்தனை சதவீதம் என்ற ஆறையும் எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட வழியில்லை.